பெட்டியில் கிடைத்த ஏழு ஓட்டைக் காசுகள்: எந்த நாடு, எந்தக் காலம், என்ன விலை?

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கத்து வீடு. சைகோனிலும் பினாங்கிலும் லேவாதேவிக் கடையில் இருந்த பாட்டையாவின் தகரப் பெட்டியில் எட்டு நாணயங்கள். ஏழில் ஓட்டை, ஒன்று ஓட்டையில்லாத பெரிய வெள்ளி. எல்லாவற்றிலும் "சீன எழுத்து". இவை எந்த நாடு, எவ்வளவு பழசு, விற்றால் என்ன தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "எழுத்து தெரியாமல் நானே கண்டுபிடிக்க வழி உண்டா" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் பிடித்தது. வழி உண்டு. நாடும் ஆட்சிக்காலமும் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அசலா போலியா என்பது படத்தில் பாதிதான் தெரியும். விலை அதற்கும் பிறகு.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருடத்துக்கு மேலாகக் கிழக்காசியக் காசுகள் சேர்க்கிறேன். சீன மொழி பேசத் தெரியாது, காசில் வரும் எழுத்துகள் மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டன, நம் ஊரில் கல்வெட்டு படிப்பவருக்குக் கிரந்தம் பழகுவது போல. அதனால் எழுத்தின் உருவத்தை வைத்தே விளக்குகிறேன், உச்சரிப்பில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சதுர ஓட்டைக் காசிலிருந்து தொடங்கலாம். இவை அச்சில் அடித்தவை இல்லை, வார்த்தவை. அச்சுக்குழியில் உலோகத்தை ஊற்றினால் ஒரு கிளையில் இலைகள் போலக் காசுகள் தொங்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக ஒடித்து, ஒரு சதுரக் கம்பியில் வரிசையாகக் கோத்து, விளிம்பை அரத்தால் ராவி எடுப்பார்கள். ஓட்டை சதுரமாக இருந்தால்தான் ராவும்போது காசு சுழலாது. வட்டம் வானம், சதுரம் பூமி என்று ஒரு தத்துவ விளக்கமும் சீனர்களிடம் உண்டு, இருக்கட்டும், பட்டறைக்காரனுக்கு அரம் ஓடினால் போதும். விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த அரக்கோடுகள் பல காசுகளில் இன்னும் தெரியும். இதை ஆங்கிலத்தில் "கேஷ்" என்பார்கள். அந்தச் சொல் நம் "காசு" போர்த்துகீசியர் வாயில் "காய்ஷா" ஆகி ஆங்கிலத்துக்குப் போனது என்று அவர்கள் அகராதிகளே சொல்கின்றன. ஆக, பாட்டையா பெட்டியில் இருப்பதைக் காசு என்று நீங்கள் சொன்னது எல்லா வகையிலும் சரி.

ஓட்டையைச் சுற்றி நாலு எழுத்து. எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல்தான் எல்லாரும் குழம்புவார்கள், நீங்கள் அனுப்பியதிலும் இரண்டு படம் தலைகீழ். இப்படிச் செய்யுங்கள். நாலில் ஒரு எழுத்து நெரிசலாக இருக்கும்: மேலே ஒரு கூரை, அடியில் இரண்டு குட்டிக் கால், நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் கோடுகள். அது "பாவ்", செல்வம் என்று பொருள். கூரை மேலே, கால் கீழே இருக்கும்படி, அந்த எழுத்து ஓட்டைக்கு இடப்பக்கம் வரும்படி காசைத் திருப்புங்கள். இப்போது காசு நேராக நிற்கிறது. வலப்பக்கத்தில் பெரும்பாலும் "துங்" இருக்கும், புழங்குவது என்ற பொருளில். இடமும் அடியும் படகு போல வளைந்து ஓடும் ஒரு கோடு, அதன்மேல் ஏணிக் கட்டம் மாதிரி ஒன்று. இந்த இரண்டும் ஏறக்குறைய எல்லாக் காசிலும் பொது. நமக்கு வேண்டியது மேலேயும் கீழேயும் இருக்கும் இரண்டு எழுத்து, அதுதான் ஆட்சிப் பெயர். படிக்கும் வரிசை மேல், கீழ், வலம், இடம். சீனாவின் சொங் வம்ச (960 முதல் 1279 வரை) காலத்துக் காசுகள் பலவற்றில் மட்டும் கடிகார முள் போலச் சுற்றிப் படிக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் காசு. கீழே உள்ள எழுத்தின் இடப்பக்கத்தில் கம்பத்தில் பறக்கும் கொடி போல ஒரு பகுதி இருக்கிறது பாருங்கள். மேலே உள்ளதோடு சேர்த்தால் "சியான்லொங்", சிங் வம்சப் பேரரசர், 1736 முதல் 1795 வரை. பின்பக்கம் சீன எழுத்தே இல்லை. ஓட்டைக்கு இருபுறமும் செங்குத்தாக, முடிச்சுப் போட்ட கயிறு தொங்குவது போல இரண்டு சொற்கள். அது மஞ்சு எழுத்து. சிங் அரசர்கள் மஞ்சு இனத்தவர், தங்கள் எழுத்தைக் காசின் முதுகில் வைத்துக்கொண்டார்கள். இடப்பக்கச் சொல் அதே "பாவ்", வலப்பக்கச் சொல் காசுச்சாலையின், அதாவது காசு வார்த்த பட்டறையின் பெயர். உங்களுடையது பெய்ஜிங்கில் வருவாய்த் துறை நடத்திய சாலை. பொதுப்பணித் துறைக்கும் பெய்ஜிங்கில் தனிச் சாலை இருந்தது. சீனக் காசு, சியான்லொங் பெயர், பெய்ஜிங் சாலை, இந்த மூன்றும் உறுதி. எந்த வருடம் என்பது உறுதியில்லை, அறுபது வருட ஆட்சியில் எதுவாகவும் இருக்கலாம். காசின் அளவு, எழுத்தின் சின்னச் சின்ன வேறுபாடு எல்லாம் வைத்து முன்பாதி பின்பாதி என்று பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தை வைத்து அந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை.

பெயர் வேறு, வார்த்த காலம் வேறு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறையும். இதே சியான்லொங் பெயரில் சிஞ்சியாங் பகுதியில் சிவந்த செம்புக் காசுகள் உண்டு, அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகும் அங்கே அவர் பெயரைப் போட்டு வார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்னும் நல்ல உதாரணம் தாங் வம்சத்தின் "காய்யுவான் துங்பாவ்". முதலில் வந்தது 621இல். அதுவரை "வூ சூ" என்று எடையைப் பெயராகப் போட்ட காசு, கிமு 118இல் தொடங்கி எழுநூறு வருடத்துக்கு மேல் ஓடியது. அதை ஒதுக்கிவிட்டுச் "செல்வம்" என்ற சொல்லைக் காசில் கொண்டுவந்த காசு இது. எழுத்து ஒயாங் சுன் என்ற பெரிய எழுத்துக் கலைஞர் எழுதியது. கிழக்காசியக் காசு எல்லாமே இதன் பேரப்பிள்ளைகள்தான். ஆனால் 713 முதல் 741 வரை "காய்யுவான்" என்றே ஒரு ஆட்சிப் பெயரும் வந்துவிட்டது. உடனே இணையத்தில் பாதிப் பேர் இந்தக் காசை எட்டாம் நூற்றாண்டு என்று எழுதிவிடுகிறார்கள். காசின் பெயருக்கும் அந்த ஆட்சிக்கும் சம்பந்தம் இல்லை. தாங் காலம் முழுக்க, அதற்குப் பிறகும்கூட இதே பெயரில் காசு வார்த்தார்கள். அதனால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் காய்யுவானைப் பார்த்தால் "ஏழிலிருந்து பத்தாம் நூற்றாண்டு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. முதுகில் ஊர்ப் பெயர் இருந்தால் மட்டும் 845க்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம்.

தெளிவாகத் தெரிந்த வரை உங்கள் பெட்டியில் சொங் காசு இல்லை, ஆனால் நம்மூர்க்காரர்கள் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. தஞ்சைப் பகுதியில் பட்டுக்கோட்டைக்கு அருகே ஒலயகுன்னம், மன்னார்குடிக்கு அருகே தாளிக்கோட்டை ஆகிய ஊர்களில் சீனக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் யாப்பகூவாவிலும் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. பெரும்பகுதி சொங் காசு. கிடைக்காமல் எப்படி இருக்கும்? 1080 வாக்கில் சொங் அரசு ஒரே வருடத்தில் ஐம்பது லட்சம் கோர்வைக்கு மேல் வார்த்தது, ஒரு கோர்வை பெயரளவில் ஆயிரம் காசு. கிழக்கே ஜப்பான் வரை, மேற்கே நம் கடற்கரை வரை கப்பலில் போய்க் கொட்டியது. எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்ததும் இவைதான், எழுத்துக்காக. ஒரே காசு, ஒரே வருடம், ஆனால் ஒன்றில் எழுத்து நேராக நிற்கும், இன்னொன்றில் கோலம் போட்டது போல வளையும், மூன்றாவதில் வேகமாக எழுதிய கையெழுத்து போல ஓடும். 990இல் பேரரசர் தாய்சொங் தானே மூன்று விதமாக எழுதிக் கொடுத்தார். ஹுய்சொங் என்ற பேரரசரின் எழுத்து 1107இல் வந்த "தாகுவான்" காசில் இருக்கிறது, ஒல்லியான, கத்தி முனை போன்ற கோடுகள். நாட்டைப் பறிகொடுத்த ராஜா, கையெழுத்து மட்டும் அமிர்தம். தெற்குச் சொங் காலத்தில் 1180 முதல் காசின் முதுகில் ஆட்சியாண்டு எண்ணையே போட ஆரம்பித்தார்கள், அந்த வகை கிடைத்தால் வருடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம்.

அடுத்து வந்த மிங் வம்சக் காசுகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். "யொங்லே துங்பாவ்", 1408 வாக்கில் தொடங்கியது, கடற்படைத் தளபதி செங் ஹேயின் காலம். அந்தக் காசின் மேலும் கீழும் இருக்கும் அதே இரண்டு எழுத்து, இலங்கையில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டிலும் தேதியாக இருக்கிறது: யொங்லே ஏழாம் ஆண்டு, அதாவது 1409. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ள கல். கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் சீன எழுத்து தெரியாவிட்டாலும் இந்த இரண்டு எழுத்தையாவது தேடிப் பாருங்கள்.

இரண்டாவது காசு, பின்பக்கம் அலை அலையாகக் கோடு போட்டது. இது சீனம் இல்லை, ஜப்பான். "கானெய் த்சூஹோ". 1636இல் தொடங்கி 1860கள் வரை இதே நாலு எழுத்து, அரசர் மாறினாலும் பெயர் மாறவில்லை, அதனால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்ல முடியாது. முதுகில் உள்ள அலைதான் உங்களுக்குச் சாட்சி. அலை போட்டது நான்கு மொன் (மொன் என்பது அன்றைய ஜப்பானியச் சில்லறை அலகு) மதிப்புள்ள பித்தளைக் காசு, 1768இல் வந்தது. முதலில் இருபத்தொரு அலை இருந்தது, அடுத்த வருடமே பதினொன்றாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் படத்தில் எண்ணினேன், பதினொன்று. ஆக 1769 அல்லது அதற்குப் பிறகு. 1863இல் வந்த "புன்க்யூ" என்ற இன்னொரு காசிலும் பதினொரு அலை உண்டு, ஆனால் அதன் முன்பக்க எழுத்தே வேறு, குழப்பம் வராது. அலையில்லாத சின்னக் கானெய் காசு யாரிடமாவது இருந்தால், இடப்பக்கத்து "பாவ்" எழுத்தின் அடியில் உள்ள இரண்டு காலை உருப்பெருக்கியில் பாருங்கள். கால்கள் தனித்தனியாக, கூரை சரிவது போல விலகி நின்றால் 1668க்குப் பிந்திய புதுக் கானெய். கால்கள் மேலே கோடாக இணைந்து ஒடிந்து இறங்கினால் பழைய கானெய், 1636 முதல் 1659 வரை. கடுகளவு வேறுபாடுதான், பழகிய கண்ணுக்கு எட்டிப் பார்த்தாலே தெரியும், பழகாத கண்ணுக்கு ஒரு மாதம் ஆகும். எனக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே ஆனது.

மூன்றாவது காசு மெலிதாக, ஊதினால் பறக்கும் போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுவே பாதி விடை. வியட்நாம் காசுகள் சீனக் காசை விடப் பொதுவாக மெல்லியவை, எழுத்து மேடு குறைவு, முதுகு பெரும்பாலும் மொட்டை. உங்களுடையதில் மேல் எழுத்தின் தலையில் சூரியனைக் குறிக்கும் பெட்டி, நடுவில் ஒரு கோடு போட்டது. இது "கான் ஹுங்", லே வம்சத்து அரசர், 1740 முதல் 1786 வரை. நாடும் ஆட்சியும் உறுதி என்றே சொல்வேன். யார் வார்த்தது என்பதில்தான் கை வைக்கமாட்டேன். இந்த ஒரு ஆட்சியில் ஏகப்பட்ட காசுச்சாலைகள், போதாததற்குத் தனியாரின் கள்ள வார்ப்பு வேறு. சைகோனில் இருந்தவர் பெட்டியில் இது இருப்பது இயல்புதான். அந்த நாட்டில் வார்ப்புக் காசு பாவோ தாய் பேரரசர் காலம் வரை, அதாவது இருபதாம் நூற்றாண்டிலும் வார்த்தார்கள்.

கொரியக் காசு உங்களிடம் இல்லை, ஆனாலும் ஒரு அடையாளம் சொல்லிவைக்கிறேன். "சாங்ப்யொங் தொங்போ" என்ற ஒரே பெயர்தான், 1678 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசி வரை. முதுகில் மேலே அலுவலகத்தின் பெயர் எழுத்து, கீழேயோ பக்கத்திலோ வரிசை எண். முதுகில் இத்தனை சீன எழுத்து இருந்தால் முதலில் கொரியாவைச் சந்தேகியுங்கள். இக்காலக் கொரிய நாணயத்தில் ஹங்குல் என்ற அவர்கள் சொந்த எழுத்து வந்துவிடும். முழு வட்டமும் நேர்கோடும் கலந்து நிற்கும், சீன எழுத்தில் முழு வட்டம் வராது, ஆகவே வட்டத்தைப் பார்த்தவுடன் கொரியா.

நான்காவது, வட்ட ஓட்டை போட்ட பழுப்புக் காசு. அதில் பிரெஞ்சு எழுத்து தெளிவாக இருக்கிறதே, வருடமும் நம் எண்ணிலேயே இருக்கிறது. பிரெஞ்சு இந்தோசீனாவின் ஒரு செண்ட், நூறு செண்ட் ஒரு பியாஸ்தர். ஓட்டையைச் சுற்றியுள்ள நாலு சீன எழுத்துக்கு "நூறில் ஒன்று" என்று பொருள். சைகோன் செட்டியார் கடைகளிலும் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் சட்டைப்பையிலும் புரண்ட காசு. ஓட்டையுள்ள வகை 1896இலிருந்து. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அதனால் மேலே போகலாம்.

ஐந்தாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் நிறம், வட்ட ஓட்டை, ஒரு பக்கம் நெற்கதிர். இது ஜப்பானின் ஐந்து யென், இன்றும் கடையில் செல்லும். எடை 3.75 கிராம், அவர்களுடைய பழைய எடையில் சரியாக ஒரு மொம்மே. நம் எண் எங்கும் இல்லாததால்தான் இதை எல்லாரும் பழங்காசு என்று நினைக்கிறார்கள். வருடத்தைப் படிப்பது சுலபம். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அத்தனை படுக்கைக் கோடு. பத்துக்குக் கூட்டல் குறி. நான்குக்கு ஒரு பெட்டி, உள்ளே இரண்டு கால். உங்கள் காசில் பெட்டி, கூட்டல், பெட்டி, அதாவது நான்கு பத்து நான்கு, நாற்பத்து நாலு. அதற்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்து ஷோவா, ஜப்பான் பேரரசரின் ஆட்சிப் பெயர். ஷோவா ஆண்டோடு 1925 கூட்டினால் நம் வருடம் வரும்: 1969. மெய்ஜி என்றால் 1867, தாய்ஷோ என்றால் 1911, ஹெய்செய் என்றால் 1988, ரெய்வா என்றால் 2018 கூட்டுங்கள். சீனக் குடியரசு நாணயத்துக்கும் 1911தான், தைவானில் இன்றும் அந்தக் கணக்கு ஓடுகிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் காலம் வரையான நாணயங்களில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும் என்பதை மறந்தால், "இருபது" "பத்து இரண்டு" ஆகிவிடும், ஜாக்கிரதை. சரி, 1969 என்றால் பாட்டையா கையால் போட்டதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பிற்பாடு வேறு யாரோ அந்தப் பெட்டியில் காசு போட்டிருக்கிறார்கள் என்றால், மற்றக் காசுகளும் சைகோனிலிருந்துதான் வந்தன என்று சத்தியம் பண்ண முடியாது.

இப்போது பெரிய வெள்ளி. நீங்கள் இதைச் "சீன வெள்ளி, ஒரு பக்கம் உருது" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கம் கையில் சூலம், மறுகையில் கேடயத்தோடு நிற்கும் பெண், கீழே 1901. மறுபக்கம் நடுவில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீன எழுத்தின் அலங்கார வடிவம், மேலும் கீழும் "ஒரு யுவான்" என்று சீனத்தில், இடமும் வலமும் அரபு எழுத்தில். அது உருது இல்லை, ஜாவி. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதுவது. "சது ரிங்கிட்", ஒரு வெள்ளி. பெண் பிரிட்டானியா, பிரிட்டனையே ஒரு பெண்ணாகக் காட்டும் உருவம். இது பிரிட்டிஷ் வர்த்தக டாலர், 1895இல் தொடங்கி 1935 வரை வந்தது, ஹாங்காங், மலாயா நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா), சீனத் துறைமுகங்கள் எல்லாம் புழங்குவதற்காக. எங்கே அடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சூலத்தின் நடு முனையை உருப்பெருக்கியில் பாருங்கள், குண்டூசித் தலையளவு ஒரு ஆங்கில எழுத்து "பி" இருக்கும். பம்பாய். கல்கத்தாவில் அடித்ததும் உண்டு. பினாங்குக்குப் பம்பாயிலிருந்து போய், பினாங்கிலிருந்து காரைக்குடிக்கு வந்த வெள்ளி இது! 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் வந்ததும் அங்கே இதற்கு வேலை போயிற்று, சீனப் பக்கம் தொடர்ந்து ஓடியது. உங்கள் படத்தில் பிரிட்டானியாவின் கால் அருகே ஒரு சின்னக் குழி, அதற்குள் ஏதோ எழுத்து தெரிகிறது. அதைச் சேதம் என்று நினைக்க வேண்டாம். சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துப் பார்த்துத் தங்கள் முத்திரையைத் தட்டிவிடுவார்கள், "நான் பார்த்தேன், நல்ல வெள்ளி" என்று. சிலர் முத்திரை இருந்தால் விலை குறைப்பார்கள், சிலர் அதற்காகவே வாங்குவார்கள்.

இந்த வகைப் பெரிய வெள்ளியில்தான் போலி அதிகம், ஆகவே படத்தை மட்டும் நம்பி "அசல்" என்று எழுதமாட்டேன். அனுபவம். பல வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில், சீனக் குடியரசின் அன்றைய தலைவர் யுவான் ஷிகாய் தலை போட்ட 1914ஆம் வருடத்து சீன டாலரை ஒருவரிடம் வாங்கினேன். குடியரசின் மூன்றாம் ஆண்டு, மூன்று கோடு, எல்லாம் சரி. தலை வழுக்கை, மீசை, தோளில் சரிகை எல்லாம் அச்சு அசல். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் இருபத்திரண்டு கிராம் சொச்சம். இருக்க வேண்டியது இருபத்தாறரையிலிருந்து இருபத்தேழுக்குள். அந்தப் போலியை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன், தாள் பறக்காமல் இருக்க. அதற்குப் பிறகு தராசு இல்லாமல் எந்தக் கண்காட்சிக்கும் போனதில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். நகைக்கடையில் கேட்டால் நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் போட்டுத் தருவார்கள். வர்த்தக டாலர் 26.95 கிராம் அருகே இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம், கூடக் கூடாது. அப்புறம் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பிடித்தால் போலி, கதை முடிந்தது. பிடிக்காவிட்டால் அசல் என்று ஆகிவிடாது, செம்பும் பித்தளையும் காந்தத்துக்குப் பிடிக்காது. மூன்றாவது தண்ணீர்ச் சோதனை: தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசின் கன அளவு. 90 சதவீத வெள்ளிக்கு அடர்த்தி ஏறக்குறைய 10.3, ஆகவே எண் 2.6 பக்கத்தில் வர வேண்டும். மூன்றைத் தாண்டினால் அது வெள்ளி இல்லை. இதையும் தாண்டுகிற போலி உண்டு, நல்ல வெள்ளியிலேயே செய்தவை. அதற்கு விளிம்பின் வரிகளையும் எழுத்தின் ஓரங்களையும் கையில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

ஆறாவது ஓட்டைக் காசைக் கடைசியில் சொல்கிறேன். ஏழாவது, சிவப்பு நூல் கட்டிய தங்க நிறக் காசு. இதைச் சொல்ல வருத்தம்தான், ஆனால் சொல்லிவிடுகிறேன். இது ஃபெங் ஷுய் (சீன வாஸ்து) கடைச் சரக்கு. பணம் பெருகும் என்று கல்லாவில் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. இதிலும் சியான்லொங் பெயர்தான் போட்டிருக்கிறது, அதனால்தான் ஏமாற்றுகிறது. முதல் காசையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அசலில் எழுத்தின் ஓரம் புழங்கி மழுங்கியிருக்கும், ஓட்டையின் மூலைகள் கொஞ்சம் கோணல், பள்ளத்தில் கருப்பும் மேட்டில் பழுப்பும். கடைச் சரக்கில் மேடும் பள்ளமும் ஒரே நிறம், மஞ்சு எழுத்து முடிச்சுகள் உருக்குலைந்து வெறும் கோடாக இருக்கும். பன்னிரண்டு மிருகங்களோ மும்மூன்று கோடுகளாக எட்டுக் குறிகள் கொண்ட சக்கரமோ முதுகில் இருந்தால் அது காசே இல்லை, தாயத்து. பழைய தாயத்துகளுக்குத் தனியாகச் சேகரிப்பவர்கள் உண்டு, ஆனால் அது வேறு துறை, எனக்கு அதில் கை பழகவில்லை.

தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள். "புளி போட்டு விளக்கலாமா" என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார், படித்ததும் பதறிவிட்டது. நானே செய்த பாவம் அது. முதன்முதலில் கையில் கிடைத்த கானெய் காசை, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபள என்று வந்தது. இருநூறு வருடத்துப் பாசி நிறம் ஐந்து நிமிடத்தில் சாக்கடையில் போனது, அத்தோடு அந்தக் காசின் விலையும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான். வெள்ளியை அதுகூட வேண்டாம், விளிம்பைப் பிடித்துத் தூக்கித் தாள் உறையில் போட்டு வையுங்கள்.

விலை. பழசு என்றால் விலை என்று நினைக்க வேண்டாம். சியான்லொங் காசு கோடிக்கணக்கில் வார்த்தது, சாதாரணமானது ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள்தான். கானெய், கான் ஹுங், இந்தோசீனா செண்ட் எல்லாம் கிட்டத்தட்ட அதே வரிசை. தொள்ளாயிரம் வருடத்துச் சொங் காசுகூடப் பலவகை அப்படித்தான் போகிறது. ஐந்து யென்னுக்கு ஐந்து யென். வர்த்தக டாலர் ஒன்றுதான் உங்கள் பெட்டியில் உருப்படி. அசலாக இருந்தால் அதில் சுத்த வெள்ளி மட்டும் இருபத்து நாலு கிராமுக்கு மேல், அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை, அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பது தேய்மானத்தையும் முத்திரையையும் பொறுத்தது. ஒருவரிடம் மட்டும் காட்டாமல் மூன்று பேரிடமாவது காட்டுங்கள், அவர்கள் சொல்வதற்கு முன் நீங்கள் எந்தத் தொகையும் சொல்லாதீர்கள். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972ஆம் வருடத்துச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டு ஏலத்துக்குத் தபாலில் அனுப்பலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அனுமதியில்லாமல் செய்யாதீர்கள். மண்ணைத் தோண்டிக் கிடைத்ததாக இருந்தால் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் வரும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களுடையது வீட்டுப் பெட்டி, அந்தக் கவலை இல்லை.

ஆறாவது ஓட்டைக் காசைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். படம் மங்கல், ஒளி நேராக விழுந்து எழுத்தே தெரியவில்லை. சன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, "பாவ்" இடப்பக்கம் வரும்படி திருப்பி ஒரு படம், முதுகு ஒரு படம், விளிம்பு ஒரு படம் போடுங்கள். எடையும் எழுதுங்கள். கடிகாரச் சுற்றில் படிக்க வேண்டிய காசு போலத் தோன்றுகிறது எனக்கு, ஆனால் பார்க்காமல் சொல்லமாட்டேன்.